ஓரிகன் இன்லெட் பாலம்: பீச்சுக்குக் கிளம்பும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஜூன் பிறந்தால் போதும், வட கரோலினாவில் கேரி, மாரிஸ்வில் பக்கம் இருக்கும் நம் குடும்பங்களில் பாதி அவுட்டர் பேங்க்ஸ் கடற்கரைக்குப் பெட்டி கட்டிவிடும். கிளம்புகிறவர்கள் எனக்கு ஒரு போன் போடுவார்கள். நான் வருடம் தவறாமல் அங்கே போகிறவன், அதோடு படித்தது சிவில் என்பதுதான் காரணம். பிழைப்பு மென்பொருளில் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், தலையைச் சொறிய வைத்தவை கடைசியில்.

அண்ணா, எல்லாரும் 'அந்தப் பாலம்'ங்கறாங்க. போற வழியில ஏகப்பட்ட பாலம் வருதே, எது அது?

ராலேயிலிருந்து 64-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் ரோனோக் தீவுக்கு முன்னால் 5 மைல் நீளப் பாலம் ஒன்று வரும். அதைப் பார்த்துவிட்டு "பாலத்துக்கு வந்துட்டோம்" என்று எனக்குப் படம் அனுப்பியவர்கள் உண்டு. அது வர்ஜீனியா டேர் பாலம். நான் சொல்வது அதுவல்ல.

மாண்டியோவைத் தாண்டி, நாக்ஸ் ஹெட் வந்ததும் வேல்போன் ஜங்ஷனில் வலது கைப்பக்கம் திரும்பி, 12-ஆம் எண் சாலையில் தெற்கே போங்கள். பத்து மைலுக்குள் வலப்புறம் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம் தெரியும். அந்தத் தீவின் பெயரை எழுத்துப்படி 'போடி' என்று வாசித்தால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். 'பாடி' என்றுதான் சொல்ல வேண்டும். கலங்கரை விளக்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலை மேலேறித் தண்ணீருக்கு நடுவே வளைந்து போகும். அதுதான் மார்க் பாஸ்நைட் பாலம். அதற்குக் கீழே ஓடுவது ஓரிகன் இன்லெட். அக்கரையில் பீ தீவு, அப்புறம் ரொடாந்தி, ஏவன், பக்ஸ்டன், ஹாட்டெரஸ் என்று வரிசையாகக் கடற்கரை ஊர்கள். இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஹாட்டெரஸ் தீவு.

இன்லெட்னா என்ன? ஆறு கடல்ல சேர்ற இடமா?

ஏறக்குறைய. நம் பக்கத்தில் முகத்துவாரம் என்போம். எங்கள் குமரி மாவட்டத்தில் பொழிமுகம் என்றும் சொல்வார்கள். ஆனால் இங்கே கடலில் நேராக வந்து விழும் ஆறு கிடையாது. அவுட்டர் பேங்க்ஸ் என்பது கரையிலிருந்து தள்ளி, கடலுக்குள் நூல் பிடித்தாற்போல் கிடக்கும் மணல் தீவுகளின் வரிசை. தீவுகளுக்குக் கிழக்கே அட்லாண்டிக் கடல், மேற்கே பாம்லிகோ சவுண்ட். சவுண்ட் என்றால் சத்தம் இல்லை, காயல். உள்நாட்டு ஆறுகள் எல்லாம் அந்தக் காயலில்தான் விழுகின்றன.

அவ்வளவு தண்ணீரும் கடலுக்குப் போக வாசல் வேண்டுமே? வடக்கே வர்ஜீனியாவின் கேப் ஹென்றியிலிருந்து தெற்கே ஹாட்டெரஸ் இன்லெட் வரை அந்தத் தீவு வரிசையில் இருக்கும் ஒரே வாசல் ஓரிகன் இன்லெட்தான். கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வரும், வற்றும்போது காயல் தண்ணீர் வெளியே பாயும். இந்தப் பக்கத்தில் இனி வரும் பதில்கள் பலவும் இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கும், அதனால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நீளம்? என் மனைவிக்கு உயரம்னா பயம், ஓட்டிடுவாளா?

2.8 மைல், அதாவது நான்கரை கிலோமீட்டர். உச்சியில் சாலை தண்ணீரிலிருந்து சுமார் 90 அடி உயரத்தில் இருக்கும். ஏற்றம் மெதுவானது. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே தடம்தான். ஆனால் இரு ஓரத்திலும் 8 அடி அகலம் காலியாக விட்டிருக்கிறார்கள், அதனால் நெருக்கித் தள்ளுவது போல இருக்காது.

பழைய பாலத்தில் ஓரம் என்று சொல்லிக்கொள்ளவே ஒன்றும் கிடையாது. எதிரே படகை இழுத்துக்கொண்டு ஒரு பெரிய லாரி வந்தால் நம் கை தானாக ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கும். இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும்போது டப் டப் என்று தாளம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை ஓட்டியவர்களுக்குப் புதுப் பாலம் ஒரு பொருட்டே இல்லை. உங்கள் மனைவி தாராளமாக ஓட்டலாம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து "பார்த்து, பார்த்து" என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

டோல் உண்டா?

கிடையாது. ஹாட்டெரஸ் தீவில் வீடு வைத்திருப்பவர்கள் பால் பாக்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கூட இந்தச் சாலையைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

உச்சியில நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? ஓரமா இடம் இருக்குன்னீங்களே?

கூடாது. அந்த 8 அடி வண்டி பழுதானால் ஒதுங்கவும், சைக்கிள்காரர்களுக்கும்தான். படம் வேண்டுமென்றால் தென் கரையில் இறங்கியதும் இடப்புறம் வண்டி நிறுத்த இடம் உண்டு. பழைய பாலத்தில் சுமார் 1,000 அடியை மட்டும் இடிக்காமல், நடந்து போகவும் தூண்டில் போடவும் விட்டுவைத்திருக்கிறார்கள். அதன் நுனியில் நின்றால் புதுப் பாலம் முழு வளைவோடு கண்ணில் படும். வெயில் சாயும் நேரம் காயல் பக்கம் செம்பு நிறமாகிவிடும். கைப்பிடிச் சுவர் ஓரமாக எப்போதும் நாலைந்து பேர் வாளியும் தூண்டிலுமாக நிற்பார்கள்.

பக்கத்திலேயே மணலில் ஒரு பழைய மரக் கட்டடம் தனியாக நிற்கும். கப்பல் உடைந்தால் ஆட்களைக் காப்பாற்றப் படகோடு காத்திருந்த நிலையம் அது. இந்தக் கரையை 'அட்லாண்டிக்கின் இடுகாடு' என்பார்கள். அத்தனை கப்பல்கள் இங்கே மூழ்கியிருக்கின்றன. இந்தத் தீவிலேயே இருந்த இன்னொரு நிலையத்துக்கு 1880-இல் ரிச்சர்ட் எதரிட்ஜ் என்ற கறுப்பினத்தவர் தலைவரானார். அவர் கீழே வேலை செய்தவர்களும் முழுக்கக் கறுப்பினத்தவர்கள். 1896-இல் புயலில் சிக்கிய ஒரு கப்பலில் இருந்த எல்லோரையும் அவர்கள் நீந்திப் போய்க் கரை சேர்த்தார்கள். அவர் பெயர் பின்னால் இன்னொரு பாலத்தோடு வரும்.

பாலத்துக்குக் கீழ தண்ணி அமைதியா இருக்கு. பிள்ளைங்களை இறக்கலாமா?

வேண்டவே வேண்டாம். இரண்டாவது பதிலில் சொன்ன வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய காயலின் தண்ணீர் ஒரு சின்னச் சந்து வழியாகக் கடலுக்கு ஓடுகிறது. மேலே பார்த்தால் பளிங்கு போல இருக்கும், கீழே இழுவை ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். குளிக்க ஆசைப்பட்டால் உயிர்காவலர் உட்காரும் கடற்கரைக்குப் போங்கள்.

ஓரிகன் மாநிலம் மேற்குக் கரையில இருக்கு. இங்க எப்படி அந்தப் பேரு?

மாநிலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 1846 செப்டம்பரில் ஒரு பெரும் புயல் அடித்தது. காயலுக்குள் தள்ளப்பட்ட தண்ணீர் திரும்பி வரும்போது வழி இல்லாமல் தீவையே பிளந்துகொண்டு கடலுக்குப் போயிற்று. தெற்கே ஹாட்டெரஸ் இன்லெட் திறந்ததும் அதே புயலில்தான். புது வாசல் வழியாக முதலில் போன கப்பலின் பெயர் ஓரிகன். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

1846-க்கு முன்னால் பாலம் நிற்கும் இடத்தில் கட்டாந்தரை இருந்தது. ஒரு ராத்திரியில் உண்டான வாசல் இது.

பாலம் வர்றதுக்கு முன்னாடி ஜனங்க எப்படிப் போனாங்க?

படகில்தான். 1920-களில் தனியார் ஒருவர் வண்டிகளை ஏற்றிக் கடத்தத் தொடங்கினார். 1950-இல் மாநில அரசு அந்தப் படகுச் சேவையை எடுத்துக்கொண்டது. கோடை விடுமுறையில் வரிசை நீளும், காற்று பலமாக இருந்தால் படகு ஓடாது. அவசர நோயாளி என்றால் காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. 1963-இல்தான் முதல் பாலம் திறந்தார்கள்.

கூகுள்ல ஒரு பேரு, என் பழைய மேப்ல ஒரு பேரு. பானர் பாலமா, பாஸ்நைட் பாலமா?

1963-இல் திறந்தது ஹெர்பர்ட் பானர் பாலம். அந்தப் பகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பெயர். அதற்குப் பக்கத்திலேயே கட்டி 2019 பிப்ரவரி 25 அன்று போக்குவரத்துக்குத் திறந்தது மார்க் பாஸ்நைட் பாலம். மாண்டியோக்காரர், மாநில செனட்டை 18 ஆண்டுகள் தலைமையேற்று நடத்தியவர். வயதானவர்கள் இன்னமும் 'பானர்' என்றுதான் சொல்வார்கள். சென்னையில் அண்ணா சாலையை மவுண்ட் ரோடு என்பவர்கள் இல்லையா, அந்த மாதிரி.

பழைய பாலம் 1963-ல கட்டுனதுதானே? நம்ம ஊர்ல வெள்ளைக்காரன் கட்டுன பாலமே நிக்குது. அமெரிக்காக்காரன் கட்டினது அம்பது வருஷம்கூடத் தாங்கலையா?

இதைக் கேட்காத மாமாக்களே இல்லை. முதலில் கணக்கைச் சரிசெய்வோம். அந்தப் பாலம் 30 ஆண்டுக்கு என்று திட்டமிட்டுக் கட்டியது. 55 ஆண்டு ஓடியது. அதைத் 'தாங்கவில்லை' என்று சொல்ல முடியாது, ஓய்வு கொடுக்காமல் வேலை வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் கோளாறு வயதில் மட்டும் இல்லை. பாலம் ஒரே இடத்தில் நிற்கும், இந்த வாசல் நிற்காது. வடக்கிலிருந்து வரும் குளிர்காலப் புயல்கள் மணலைத் தெற்கே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. பாடி தீவின் நுனி தெற்கே நீளும், பீ தீவின் தலை கரையும், வாசல் நகரும். 1846-இலிருந்து இரண்டு மைலுக்கு மேல் நகர்ந்திருக்கிறது. அதாவது பழைய பாலத்தைக் கட்டியவர்கள் ஓடுகிற ஒன்றின் மேல் கட்டினார்கள்.

இதனால் வந்த சங்கடம் ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பாலத்தில் கப்பல் நுழைய உயரமான கண் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அகலம் 130 அடி. ஆழமான நீர்ப்பாதை வேறு பக்கம் நகர்ந்துகொண்டே போனது. கண் இருக்கும் இடத்தில் ஆழம் இல்லை, ஆழம் இருக்கும் இடத்தில் கண் இல்லை. அதனால் வருடா வருடம் தூர்வாரி, தண்ணீரைக் கண்ணுக்குக் கீழே இழுத்து வைக்க வேண்டியிருந்தது.

ஒரு தடவை பாலம் உடைஞ்சு விழுந்துச்சாமே, நிஜமா?

நிஜம்தான், அதுவும் தூர்வாரும் கப்பல் மோதியே விழுந்தது. 1990 அக்டோபர் 26, புயல் அடித்த ராத்திரி. இன்லெட்டில் தூர்வாரிக்கொண்டிருந்த கப்பல் நங்கூரம் நிற்காமல் இழுபட்டுப் பாலத்தில் போய் மோதியது. சுமார் 370 அடி நீளத்துக்குத் தளம் தண்ணீரில் விழுந்தது. மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் பாலத்தோடு போனதால் ஹாட்டெரஸ் தீவுக்கு வெளியுலகத் தொடர்பே அறுந்துபோயிற்று. சரிசெய்து மறுபடி திறக்க 1991 பிப்ரவரி ஆகிவிட்டது. அதுவரை மீண்டும் படகுதான்.

பாலத்துக்கு நல்லது செய்யத்தான் தூர்வாரினார்கள், அதே கப்பல் அதை உடைத்தது என்று என் நண்பர் ஒருவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தைய பதிலில் சொன்ன ஒற்றைக் கண் இல்லாதிருந்தால் அங்கே அவ்வளவு தூர்வார வேண்டிய தேவையே வந்திருக்காது.

மணல் அரிச்சா பாலம் எப்படி அண்ணா விழும்? தூணு காங்கிரீட்டுதானே?

கடற்கரையில் கணுக்கால் தண்ணீரில் நின்றிருக்கிறீர்களா? அலை திரும்பும்போது குதிகாலுக்குக் கீழே இருக்கும் மணல் சுரண்டிக்கொண்டு போகும், நீங்கள் பின்னால் சாய்வீர்கள். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை, நிற்கும் இடம்தான் போய்விட்டது. தூணுக்கும் அதே கதி. இங்கே அடியில் பாறை கிடையாது. மணலுக்குள் ஆழமாக இறக்கிய அடித்தளத் தூண்களை, அதாவது பைல்களை, மணல்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓட்டம் வேகமான இடத்தில் தூணைச் சுற்றிக் குழி விழும். குழி ஆழமானால் பிடி தளரும்.

2013 டிசம்பர் 3 அன்று இப்படித்தான் பாலத்தைத் திடீரென்று மூடினார்கள். ஒலியலையை அனுப்பித் தரையை அளந்தபோது ஒரு தூணைச் சுற்றிலும் இருக்க வேண்டிய மணல் இல்லை. மேலே வண்டிகள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன, யாருக்கும் ஒரு குலுக்கல்கூடத் தெரியவில்லை. மணல் மூட்டைகளையும் சிலுவை வடிவக் காங்கிரீட் கட்டைகளையும் இறக்கி, டிசம்பர் 15 அன்று திறந்தார்கள். என் சொந்த ஊர் மணக்குடி. 2004 சுனாமியில் எங்கள் பொழிமுகத்துப் பாலத்தின் தளங்களை அலை தூக்கி எறிந்தது. அந்த நாசம் ஊரறிய நடந்தது. இங்கே நடப்பது கண்ணுக்கே தெரியாமல் தோண்டும் வேலை.

அப்போ புதுப் பாலத்துக்கும் அதே கதிதானே? அதே மணல், அதே தண்ணி.

நல்ல கேள்வி. மணலை நிறுத்த முடியாது என்று ஒப்புக்கொண்டு கட்டியதுதான் புதுப் பாலத்தின் வித்தியாசம். அடிமணல் 84 அடி ஆழத்துக்கு அரித்துப் போனாலும் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அரிப்பு அதிகமுள்ள இடங்களில் பைல்கள் சுமார் 140 அடி நீளம் வரை. அதாவது பத்து மாடிக் கட்டடத்தைத் தலைகீழாக மணலில் புதைத்தது போல.

கப்பல் விஷயத்திலும் பாடம் படித்திருக்கிறார்கள். நடுவில் 3,550 அடி நீளத்துக்குப் பாலம் முழுவதுமே உயரமாக இருக்கிறது. அதில் 350 அடி அகலக் கண்கள் ஒன்பது. நீர்ப்பாதை இந்த வருடம் ஒரு கண்ணிலும் அடுத்த வருடம் வேறு கண்ணிலும் ஓடட்டும், படகுகள் அதன் பின்னாலேயே போய்க்கொள்ளும். எனக்குப் பிடித்தது இதுதான். தண்ணீரைப் பாலத்தடிக்கு இழுத்து வருவதை விட்டுவிட்டு, தண்ணீர் போகக்கூடிய இடங்களை எல்லாம் முன்கூட்டியே திறந்து வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது எதிரி உப்பு. உப்புக் காற்று காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்து காங்கிரீட்டைப் பிளக்கும். அதனால் இங்கே சாதாரணக் கம்பிக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. விலை அதிகம், ஆனால் 100 ஆண்டுக்கு என்று கட்டும்போது கட்டுப்படியாகும் என்று துணிந்திருக்கிறார்கள். பாலத்தின் மொத்தச் செலவு சுமார் 25 கோடி டாலர்.

நம்ம பாம்பன் பாலத்தோட ஒப்பிட்டா எது பெரிசு?

நீளத்தில் இது பெரிது. பாம்பனில் 1988-இல் திறந்த சாலைப் பாலம் இரண்டே கால் கிலோமீட்டர் சொச்சம், இது அதைப் போல இரண்டு மடங்கு. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பாம்பன் ரயில் பாலம் 1914-இல் கட்டியது, 1964 புயலைப் பார்த்தது, அப்புறமும் பல பத்தாண்டுகள் ரயிலைச் சுமந்தது. பாம்பன் கால்வாய்க்குக் கீழே பாறைத்திட்டு உண்டு. அங்கே தலைவலி உப்பும் காற்றும். இங்கே உப்பு, காற்று இரண்டோடு கூட, தரையே நகர்கிறது.

உப்புக்கு மருந்து மட்டும் ஒன்றுதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்திலும் துருப்பிடிக்காத கம்பியைப் போட்டிருக்கிறார்கள்.

தூண்டில் வளைவு போட்டு முகத்துவாரத்தைக் கட்டிப் போட்டா முடிஞ்சுதே? நம்ம ஊர்ல அதானே பண்றாங்க?

பண்ணுகிறார்கள், அதனால் பக்கத்து ஊர் கரைவதையும் பார்க்கிறோம். சென்னைத் துறைமுகச் சுவர் வந்தபின் அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. மணல் அங்கே வடக்கு நோக்கிப் போகிறது. குறுக்கே கல் போட்டால் ஒரு பக்கம் குவியும், மறுபக்கம் பட்டினி கிடக்கும். ஓரிகன் இன்லெட்டில் மணல் தெற்கு நோக்கிப் போகிறது, மற்றபடி கதை ஒன்றுதான்.

வாசலின் இரு கரையிலும் நீளமான கல் சுவர் கட்டும் திட்டத்துக்கு 1970-லேயே அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. மீனவர்கள் வேண்டும் என்றார்கள், தெற்கே பீ தீவு பட்டினி கிடக்கும் என்று சுற்றுச்சூழல் தரப்பு எதிர்த்தது. முப்பது ஆண்டுக்கு மேல் இழுத்து, 2003-இல் கைவிட்டார்கள். ஆனால் தென் கரையில் மட்டும் பாலம் தொடும் முனையைக் காப்பாற்ற 3,000 அடி சொச்சத்துக்கு ஒரு கல் சுவரை 1991 வாக்கில் கட்டி முடித்தார்கள். அது இல்லாவிட்டால் பழைய பாலத்தின் தென் முனை அந்தரத்தில் நின்றிருக்கும். இதில் ஒரு சிக்கல்: தெற்கு முனை நின்றுவிட்டது, வடக்கு முனை வளர்வதை நிறுத்தவில்லை. வாசல் குறுகியது, ஆழம் கூடியது. முன்னே சொன்ன குழிகள் விழுந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

எல்லாம் தெரிஞ்சும் புதுப் பாலம் கட்ட ஏன் இவ்வளவு வருஷம்?

எங்கே கட்டுவது என்ற சண்டைதான். பழைய இடத்திலேயே கட்டினால் அக்கரையில் சாலை பீ தீவு வழியாகப் போக வேண்டும். பீ தீவு 1938-இலிருந்து பறவைகள் சரணாலயம், குளிர்காலத்தில் பனி வாத்துக் கூட்டம் வந்து இறங்கும் இடம். சாலையைக் காப்பாற்றச் சாலையோரம் மணல் கொட்டிக்கொண்டே இருந்தால் சரணாலயம் கெடும், அதனால் காயல் வழியாக 17 மைல் நீளப் பாலம் கட்டிச் சரணாலயத்தையே சுற்றிப் போங்கள் என்றன சுற்றுச்சூழல் அமைப்புகள். அதற்கு 100 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்றது அரசு. 2011-இல் வழக்கு போட்டார்கள், 2015-இல் சமாதானம் ஆனது, 2016-இல் வேலை தொடங்கியது.

ஊர்க்காரர்களிடம் பேசினால் "பறவைக்காக எங்களை ஆபத்தான பாலத்தில் ஓட்டவிட்டார்கள்" என்பார்கள். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் வழக்குப் போட்டவர்கள் கேட்ட கேள்வியும் தப்பில்லை என்று பின்னால் தெரிந்தது. அடுத்தடுத்த பதில்களைப் பாருங்கள்.

வேலை நடக்கும்போது தீவு முழுக்க கரண்ட் போச்சாமே?

2017 ஜூலை 27. கட்டுமானத்தின்போது தரையில் அடித்த இரும்புக் குழாய் பூமிக்கடியில் போன மின்கேபிள்களைக் குத்திவிட்டது. ஹாட்டெரஸ், ஓக்ரகோக் இரண்டு தீவுகளும் இருட்டாகின. கோடை உச்சம், வாடகை வீடுகள் எல்லாம் நிரம்பியிருந்த நேரம். சுற்றுலா வந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். மின்சாரம் முழுதாகத் திரும்ப ஒரு வாரம் ஆனது. கடை வைத்திருந்தவர்கள் வழக்குப் போட்டு ஒரு கோடி டாலருக்குக் கொஞ்சம் மேல் நஷ்டஈடு வாங்கினார்கள். பாலம் வழியாக வருவது கார் மட்டும் இல்லை என்பதை 1990-க்கு அப்புறம் மறுபடி எல்லோரும் உணர்ந்த வாரம் அது.

பாலம் நல்லாத்தான் இருக்கு, ஆனா 'ரோடு மூடியாச்சு'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. என்ன அண்ணா இது?

எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான். எல்லோரும் பாலத்தைப் பார்த்தே பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது பாலம் இறங்கிய பிறகு வரும் சாலைக்கு. பீ தீவில் 12-ஆம் எண் சாலை மணல் மேட்டுக்குப் பின்னால் தரையோடு தரையாகப் போகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். வடகிழக்குக் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தால் அலை மேட்டை உடைத்துச் சாலையில் மணலைக் கொட்டிவிடும். பனி தள்ளும் வண்டியைப் போல இங்கே மணல் தள்ளும் வண்டிகள் வரும். மழைகூட வேண்டாம், பளீரென்று வெயில் அடிக்கும் நாளிலும் சாலை மூடியிருக்கலாம்.

கிளம்புவதற்கு முன் மாநிலப் போக்குவரத்துத் துறையின் 'டிரைவ் என்சி' தளத்தில் 12-ஆம் எண் சாலையைப் பாருங்கள். கடல் ஏறும் நேரத்தையும் பாருங்கள். பெரும்பாலும் ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் சில மணி நேரம்தான் சிக்கல். எங்கள் வீட்டில் ஒரு முறை நாக்ஸ் ஹெட்டில் மசாலா தோசைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் காத்திருந்து, தண்ணீர் வடிந்ததும் போனோம். உப்புத் தண்ணீருக்குள் காரை இறக்கி வீரம் காட்டாதீர்கள், பிரேக்கும் ஒயரும் பிறகு அழும்.

நாங்க அக்கரையில இருக்கும்போது ரோடு போயிடுச்சுன்னா, வெளிய வர வேற வழி?

ஹாட்டெரஸ் ஊரிலிருந்து ஓக்ரகோக் தீவுக்குக் காரை ஏற்றும் இலவசப் படகு உண்டு. அங்கிருந்து சீடர் ஐலண்ட் அல்லது ஸ்வான் குவார்ட்டருக்குக் கட்டணப் படகில் போனால் பெருநிலம். நீண்ட பயணம், முன்பதிவு வேண்டும், காற்று பலமானால் அதுவும் நிற்கும். பெரிய அடைப்பு என்றால் ரொடாந்தியிலிருந்து ஸ்டம்பி பாயின்ட்டுக்கு அவசரப் படகு விடுவார்கள். 2013-இல் விட்டார்கள்.

புயல் எச்சரிக்கை வந்து 'விருந்தினர்கள் வெளியேறவும்' என்றால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். வாடகைப் பணம் போச்சே என்று ஒரு ராத்திரி கூடத் தங்கி, அப்புறம் வரிசையில் நின்று தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீடு எடுக்கும்போதே பயணக் காப்பீடும் எடுத்துவிடுவது நல்லது.

பாலம் நூறு வருஷம் நிக்கும்னா, அது போய்ச் சேர்ற தீவு நிக்குமா?

மென்பொருளில் இருக்கும் ஒரு தம்பி கேட்டது. பதில் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் பீ தீவைப் பிளந்து புது வாசல் ஒன்றைத் திறந்தது, சாலை இரண்டாக அறுந்தது. அவசரத்துக்கு ஓர் இரும்புப் பாலம் போட்டார்கள், பிறகு காங்கிரீட்டில் கட்டினார்கள். முன்னே சொன்ன ரிச்சர்ட் எதரிட்ஜின் பெயர் தாங்கி நிற்பது அதுதான். இன்னும் தெற்கே ரொடாந்தி எல்லையில் சாலை ஒவ்வொரு புயலிலும் மூழ்கியது. அதனால் 2022 ஜூலையில் 2.4 மைல் நீளத்துக்குக் காயலுக்குள் சுற்றிப் போகும் பாலம் திறந்தார்கள். வரைபடத்தில் குடத்தின் கைப்பிடி மாதிரி தெரியும், பெயரே 'ஜக் ஹேண்டில்' பாலம். 17 மைல் பாலம் கட்டச் சொன்னவர்கள் கேட்ட கேள்வி தப்பில்லை என்று சொன்னேனே, இதைத்தான் சொன்னேன். சாலை மணலை விட்டுத் துண்டு துண்டாகத் தண்ணீர் மேல் ஏறிக்கொண்டிருக்கிறது.

ரொடாந்தியில் 2020-க்குப் பிறகு பல வீடுகள் கடலில் விழுந்திருக்கின்றன. மரக்கால்களில் நிற்கும் வீடு, ஒரு பக்கம் சாய்ந்து, அப்படியே அலையில் உட்காரும். தீவு அழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மணல் தீவுகள் அழிவதை விட இடம் மாறுவதுதான் அதிகம், புயல் அடித்த மணல் காயல் பக்கம் சேர்ந்து தீவு மேற்கே நகரும். தீவுக்கு அதில் கஷ்டம் இல்லை. அதன் மேல் பத்திரம் பதிந்து வீடு கட்டியவர்களுக்குத்தான் கஷ்டம். தம்பி அங்கே ஒரு வீடு வாங்கலாமா என்று யோசித்துத்தான் கேட்டிருக்கிறார், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வாடகைக்கே எடு என்றேன்.

மீன் பிடிக்க லைசென்ஸ் வேணுமா?

16 வயது நிரம்பிய எல்லோருக்கும் மாநிலத்தின் கடலோர மீன்பிடி உரிமம் வேண்டும். இணையத்தில் பத்து நிமிட வேலை, சில நாளுக்கு மட்டுமே செல்லும் மலிவான உரிமமும் உண்டு. இடித்த பழைய பாலத்தின் காங்கிரீட்டை வீணாக்காமல் கடலில் செயற்கைப் பாறைத்திட்டுகளாக இறக்கியிருக்கிறார்கள். படகு எடுத்துப் போகிறவர்களுக்கு அங்கே மீன் கிடைக்கும்.

கடைசியா ஒண்ணு அண்ணா. பாலம் தாண்டினா இந்தியன் கடை இருக்குமா?

இத்தனை வருடத்தில் என் கண்ணில் ஒன்றும் பட்டதில்லை. புளி, மிளகாய்த்தூள், தோசை மாவு எல்லாம் கேரியிலேயே வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள். கறிவேப்பிலையை மறக்காதீர்கள். பழைய பாலத்து மேடையில் பிடித்த மீனைக் கறிவேப்பிலை இல்லாமல் குழம்பு வைத்து என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது போன கோடையில்தான்.